‘முடியவில்லை’ என்பவரை நடிப்பு என்று எழுதலாமா?

பொது மருத்துவ வார்டு ஒன்றில் இரண்டு ஆண்டுகளாக வேலை செய்யும் 24 வயதுச் செவிலியர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை எல்லாம் நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

அவருடைய வார்டில் ஏழாம் பெட்டில் 58 வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார். நெடுநாள் சர்க்கரை நோயாளி. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துச் சில வருடங்கள் ஆகின்றன. சர்க்கரை கட்டுக்குள் வரவில்லை என்று இப்போது சேர்த்திருக்கிறார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் “எனக்கென்ன, நல்லா இருக்கேன்” என்பார். இன்சுலினை நானே போட்டுக்கொள்கிறேனே என்று தினமும் கேட்கிறார். அவர் நிதானமாகப் போடும்வரை நிற்க நேரமில்லாததால் செவிலியரே போட்டுவிடுகிறார்.

பன்னிரண்டாம் பெட்டில் 41 வயதுப் பெண். மூன்று வாரமாக உடம்பு வலி, அசதி. எழுந்து நடக்க முடியவில்லை என்கிறார். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் நார்மல். ஓயாமல் பெல் அடிக்கிறார். “அதுக்கு ஒண்ணும் இல்லை, நடிக்குது” என்று சீனியர் சிஸ்டர் சொல்ல, நம் வாசகியும் குறிப்பேட்டில் “ஒத்துழைப்பு இல்லை, கவனத்தை ஈர்க்க நடிக்கிறார்” என்று எழுதிவிட்டார். அன்று இரவு ரவுண்ட்ஸ் போனபோது அந்தப் பெண் போர்வைக்குள் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்.

கேள்விகளை அவருடைய வார்த்தைகளிலேயே தருகிறேன்: “மனிதன், ஆரோக்கியம், நோய் பற்றிய கருத்துகளை எல்லாம் கல்லூரியில் மனப்பாடம் செய்தோம். மார்க் வந்தது. வார்டில் அதற்கு வேலையே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி பார்த்தால் நான் உட்பட இங்கே யாருமே ஆரோக்கியமாக இல்லை. கால் இல்லாதவர் நன்றாக இருக்கிறேன் என்கிறார். எல்லாம் சரியாக இருப்பவர் முடியவில்லை என்கிறார். இதில் யார் சொல்வது உண்மை? நான் எழுதியது தவறா? இப்போதெல்லாம் பெல் சத்தம் கேட்டாலே எரிச்சல்தான் வருகிறது. ராஜினாமா செய்துவிடலாமா?”

அன்புத் தங்கைக்கு,

ராஜினாமா பற்றிக் கடைசியில் பேசுவோம். அதற்கு முன்னால் உங்கள் கடிதத்திலேயே உள்ள ஒரு விஷயம். “வார்டில் இந்தக் கருத்துகளுக்கு வேலையே இல்லை” என்கிறீர்கள். உங்கள் சீனியர் சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கும் வாக்கியத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள்: “நடிக்குது.” அதற்கு முந்தைய பத்தியில் நீங்களே “பன்னிரண்டு மறுபடி பெல் அடிக்குது” என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பெண்மணி பெட் நம்பராகி, அஃறிணை வினைமுற்றும் வாங்கிக்கொண்டுவிட்டார். இதுவும் மனிதனைப் பற்றிய ஒரு கருத்துதானே? வார்டில் கருத்து எப்போதும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. யாரும் அதைப் பாடமாக எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நானும் நோயாளியை நோயின் பெயரால் குறிப்பிட்டு “ஹெர்னியா வந்தாச்சா?” என்று கேட்டுத் திரிந்தவள்தான்.

மனிதன்: மூன்று கட்டம் போட்ட படிவம் அல்ல

செவிலியத்தின் அடிப்படைக் கருத்துகளாக மனிதர், சூழல், ஆரோக்கியம், செவிலியம் என்ற நான்கைத் தொகுத்துச் சொன்னவர் ஜாக்குலின் ஃபாசெட். நீங்கள் தேர்வுக்குப் படித்திருப்பீர்கள். அந்த நான்கில் ‘நோய்’ தனியாக இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ஆரோக்கியம் என்ற தலைப்புக்குள்ளேயே அது அடக்கம். மருத்துவ நூல் நோயில் தொடங்கும்; நம் பாடம் மனிதரில் தொடங்குகிறது. படிக்கும் காலத்தில் எனக்கும் இது வெறும் வரிசைப் பிரச்சினையாகத்தான் பட்டது.

மனிதர் என்றால் உடல், மனம், சமூகம் மூன்றும் சேர்ந்தது என்று எழுதி மார்க் வாங்கியிருப்பீர்கள். அதில் தவறில்லை, ஆனால் ஒரு பொறி இருக்கிறது. மூன்று கட்டம் போட்டுவிட்டால், உடல் கட்டத்தில் எதுவும் இல்லாதபோது பிரச்சினையை மனம் என்ற கட்டத்துக்குத் தள்ளிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளத் தோன்றும். பன்னிரண்டாம் பெட்டில் நடந்தது அதுதான். செவிலியக் கோட்பாட்டாளர் மார்த்தா ரோஜர்ஸ் 1970ல் முழு மனிதர் என்பவர் பகுதிகளின் கூட்டுத்தொகை அல்ல, அதிலிருந்து வேறானவர் என்று வாதிட்டார். அவர் எழுத்து கரடுமுரடானது. பாதிக்கு மேல் எனக்கு ஒட்டவே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பக்கம்தான் நான். தூக்கமில்லாத ராத்திரி மறுநாள் தசைவலியாகும். வலி மூன்று வாரம் நீடித்தால் மனம் சோர்ந்துபோகும். சோர்ந்தவர் படுத்தே கிடந்தால் தசை இன்னும் இளைக்கும். இந்தச் சுழலில் எந்த இடத்தில் கோடு போட்டு இது உடல், இது மனம் என்று பிரிப்பீர்கள்?

ஆரோக்கியம்: ‘முழுமையான’ என்ற ஒரு சொல்

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை பற்றிய உங்கள் எரிச்சல் நியாயமானது. நோயோ பலவீனமோ இல்லாதிருப்பது மட்டும் ஆரோக்கியம் ஆகாது; உடல், மனம், சமூகம் மூன்றிலும் முழுமையான நலம் வேண்டும் என்பது 1946ல் எழுதப்பட்டு 1948 ஏப்ரல் 7 முதல் நடைமுறைக்கு வந்த அதன் அமைப்புச் சட்டத்தின் வாசகம். ஆரோக்கியத்தைக் கிருமி, காய்ச்சல் என்ற வட்டத்திலிருந்து வெளியே கொண்டுவந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்த ‘முழுமையான’ என்ற சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டால், நீங்கள் சொல்வதுபோல உலகத்தில் யாருமே தேறமாட்டார்கள்.

இந்தக் குறையை ஆய்வாளர்களும் பேசியிருக்கிறார்கள். 2011ல் மாக்டெல்ட் ஹியூபரும் அவருடைய சகாக்களும் வேறொரு பார்வையை முன்வைத்தார்கள். உடல், மனம், சமூகம் சார்ந்து வரும் சவால்களுக்குத் தன்னைத் தகவமைத்துக்கொண்டு, தன் வாழ்க்கையைத் தானே நடத்திக்கொள்ளும் திறனே ஆரோக்கியம் என்பது அவர்கள் வாதம். செவிலியத்தில் காலிஸ்டா ராய் 1970 வாக்கிலேயே தகவமைதலை மையமாக வைத்து ஒரு மாதிரியை உருவாக்கியிருந்தார். இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் ஏழாம் பெட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. ஒற்றைக் காலோடு வாழப் பழகிய மனிதர் தன்னால் என்ன முடியும் என்பதை வைத்து “நல்லா இருக்கேன்” என்கிறார்.

இதிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். அவர் நன்றாக இருக்கிறேன் என்றால் நம்புங்கள். ஆனால் இடது பாதத்தைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். நெடுநாள் சர்க்கரையில் பாத நரம்புகளின் உணர்ச்சி மங்கிப்போகும். விரலிடுக்கில் புண் இருந்தாலும் வலி தெரியாது. வலி இல்லாததால்தான் “நல்லா இருக்கேன்” என்று சொல்கிறாரோ என்னவோ. ஒரு காலை இழந்தவருக்கு மறு காலிலும் ஆபத்து அதிகம். நோயாளியின் சொல்லை மதிப்பதும் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பதும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல. இரண்டுமே உங்கள் வேலை.

நோயும் ‘முடியாமையும்’

யார் சொல்வது உண்மை என்று கேட்கிறீர்கள். இருவர் சொல்வதும் உண்மை. ஏனென்றால் இருவரும் வேறு வேறு விஷயத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

நம் பேச்சையே கவனியுங்கள். காய்ச்சலில் படுத்திருப்பவரைப் பற்றிச் சொல்லும்போது “அவருக்கு உடம்புக்கு முடியலை” என்கிறோம். நோயின் பெயர் அதில் இல்லை. அந்த மனிதரால் எது ஆகவில்லை என்பதுதான் இருக்கிறது. பாடப்புத்தகம் பக்கம் பக்கமாக விளக்கும் வேறுபாட்டை நம் பேச்சு வழக்கு ஒரே வினைச்சொல்லில் முடித்துவிட்டது! மருத்துவர் கண்டுபிடித்துப் பெயர் வைப்பது நோய். மனிதர் அனுபவிப்பது முடியாமை. லியான் ஐசன்பெர்க் என்ற மனநல மருத்துவர் 1977ல் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதினார். அவருக்குப் பின் மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் அதை விரிவாக வளர்த்தெடுத்தார்.

இரண்டும் எப்போதும் சேர்ந்தே வருவதில்லை. ரத்த அழுத்தம் எகிறியிருக்கும், ஆளுக்கு ஒன்றும் தெரியாது. அது முடியாமை இல்லாத நோய். பன்னிரண்டாம் பெட்டில் இருப்பதோ, நோயின் பெயர் இன்னும் கிடைக்காத முடியாமை. பெயர் கிடைக்கவில்லை என்பதால் முடியாமையும் இல்லை என்று ஆகிவிடாது. பரிசோதனை நார்மல் என்றால், தேடிய இடத்தில் தேடிய பொருள் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அப்படியென்றால் வார்டுக்கு அவர்மீது ஏன் இத்தனை கோபம்? சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் 1951ல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். நோயாளி என்பது சமூகம் கொடுக்கும் ஒரு வேடம். அதற்குச் சலுகையும் உண்டு, கடமையும் உண்டு என்றார். வழக்கமான வேலைகளிலிருந்து விலக்கு உண்டு, நோய் வந்ததற்காகப் பழி கிடையாது. பதிலுக்கு, குணமாக விரும்ப வேண்டும், தகுந்தவரிடம் உதவி பெற்று ஒத்துழைக்க வேண்டும். நாம் அந்தச் சலுகையைத் தருவதற்குச் சான்றிதழாக லேப் ரிப்போர்ட்டைக் கேட்கிறோம். ரிப்போர்ட் கைகொடுக்காதவர் பெல் அடித்தால், டிக்கெட் இல்லாமல் உள்ளே வந்தவரைப்போலப் பார்க்கிறோம். உங்கள் குறிப்பில் இருக்கும் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்ற சொற்கள்கூட அந்தக் கடமைப் பட்டியலிலிருந்து வந்தவைதான். இன்னொன்று: குணமாகி வெளியே வரும் நோய்க்கு இந்த விளக்கம் பொருந்தும். ஏழாம் பெட்டுக்காரரைப்போல ஆயுள் முழுக்க நோயோடு வாழ்பவருக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது.

பன்னிரண்டாம் பெட்டுக்கு இனி என்ன செய்வது?

நீங்கள் எழுதியது தவறா என்றால், ஆம், தவறுதான். இரண்டு காரணங்கள். ‘நடிக்கிறார்’ என்பது நீங்கள் கண்ணால் பார்த்தது அல்ல, நீங்களாக ஊகித்தது. நோய் நிர்ணயமும் அல்ல. அடுத்து, குறிப்பேடு ஒரு சட்ட ஆவணம். அடுத்த ஷிஃப்ட் அதைத்தான் படிக்கும். நாளைக்கு அவருக்கு உண்மையாகவே மூச்சுத்திணறல் வந்தாலும் “பழைய நடிப்புதான்” என்று தாமதிப்பார்கள். பழைய பதிவை அடித்து மறைப்பதோ, வெள்ளை பூசுவதோ, தாளைக் கிழிப்பதோ கூடவே கூடாது. உங்கள் மருத்துவமனை விதிப்படி, தேதியும் நேரமும் போட்டுப் புதிய பதிவாகத் திருத்தம் எழுதுங்கள். பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். இந்த மாதிரி:

“காலை 8.20. ‘ராத்திரி பூரா தூங்கலை, காலைத் தூக்கவே முடியலை’ என்கிறார். கட்டிலிலிருந்து எழ ஒருவர் கைத்தாங்கல் தேவைப்பட்டது. ஆறு அடி நடந்தபின் உட்கார வேண்டும் என்றார். நாடி படுத்திருந்தபோது 84, நின்றபோது 112. காலை உணவில் பாதி சாப்பிட்டார். நேற்றிரவு அழுதுகொண்டிருந்தார். டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது.”

எண்களை நான் உதாரணத்துக்குப் போட்டிருக்கிறேன். நீங்கள் அளந்து எழுதுங்கள். ‘நடிப்பு’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. படுத்தும் நின்றும் எடுத்த நாடியும் ரத்த அழுத்தமும், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா, கையைத் தூக்கித் தலை வார முடிகிறதா போன்ற விவரங்கள் இருந்தால் அவர் அடுத்த பரிசோதனையை யோசிப்பார்.

அப்புறம், ஒரு பத்து நிமிடம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். நின்றுகொண்டு கேட்டால் ஒற்றை வார்த்தையில்தான் பதில் வரும். இது எதனால் வந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? மூன்று வாரத்துக்கு முன்னால் என்ன நடந்தது? இதனால் உங்களால் செய்ய முடியாமல் போனது என்ன? எதை நினைத்து அதிகம் பயப்படுகிறீர்கள்? கிளைன்மன் நோயாளிகளிடம் கேட்கச் சொன்ன கேள்விகள் இந்த ரகம்தான். தூக்கம், பசி, எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது பற்றியும் கேளுங்கள். வாழவே பிடிக்கவில்லை, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் பலருக்கு உண்டு. அப்படி ஆவதில்லை. ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

அழுகையைப் பார்த்தவுடன் “இது மனச்சோர்வுதான்” என்று நீங்களாக முடிவு கட்டுவதும் நடிப்பு என்று முடிவு கட்டுவதைப் போன்ற அவசரம்தான். இரண்டு கதவையும் திறந்தே வைத்திருங்கள். வலி என்று அவர் சொன்னால் வலிதான். வலியை அனுபவிப்பவர் என்ன சொல்கிறாரோ அதுதான் வலி என்று மார்கோ மெக்காஃப்ரி என்ற செவிலியர் 1968லேயே எழுதிவிட்டார். அதற்காக, எழுந்து நடக்கவே விடாமல் பார்த்துக்கொள்வதும் பரிவு ஆகாது. படுக்கையிலேயே கிடந்தால் தசை கரையும், படுக்கைப் புண் வரும், காலில் ரத்தம் உறையும். டாக்டர் அனுமதித்தால் இன்று ஆறு அடி, நாளை பத்து அடி என்று அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். எழ மாட்டேன் என்று மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. விளைவுகளைப் புரியும்படி சொல்லிவிட்டு, மறுத்தார் என்பதையும் பதிவு செய்யுங்கள்.

சீனியர் விஷயம்

எல்லோர் முன்னாலும் அவரைத் திருத்தப் போகாதீர்கள். பலன் இருக்காது, உங்களுக்குத்தான் சிரமம். ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவரில் உங்கள் முறை வரும்போது அளந்த விவரங்களை மட்டும் சொல்லுங்கள், “பன்னிரண்டாம் பெட் அம்மா” என்று உயர்திணையில் சொல்லுங்கள். சொல் தொற்றிக்கொள்ளும், நல்லதும் கெட்டதும். ஆனால் அந்தப் பெண்ணின் பெல்லுக்குப் போகாமல் விடுவது, வலி மருந்தை நிறுத்துவது என்று காரியம் முற்றினால் தனியே பேசிப் பாருங்கள். அதிலும் தீராவிட்டால் பொறுப்புச் செவிலியரிடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டியதுதான். சர்வதேசச் செவிலியர் மன்றத்தின் நெறிமுறை நமக்கு வைத்திருக்கும் பொறுப்புகளில் துன்பத்தைத் தணிப்பதும் ஒன்று. அதில் லேப் ரிப்போர்ட் நிபந்தனை எதுவும் இல்லை.

உங்கள் விஷயம்

பெல் சத்தத்துக்கு எரிச்சல், நோயாளிகள்மேல் ஒட்டுதல் இல்லாமை, நான் லாயக்கில்லை என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் 11ஆம் பதிப்பு பணிச்சோர்வைப் பற்றிச் சொல்லும் மூன்று கூறுகளை நீங்கள் தனித்தனியாக எழுதியிருப்பதாகவே எனக்குப் பட்டது: ஆற்றல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, திறமை குறைந்ததாகத் தோன்றுவது. சுவாரசியம் என்னவென்றால் அந்தப் பட்டியல் அதை நோய் என்று சொல்லவில்லை, வேலையோடு தொடர்புடைய நிலை என்றே சொல்கிறது. உங்களுக்கும் பெயரில்லாத ஒரு முடியாமை இருக்கிறது. அதை நடிப்பு என்று யாராவது குறிப்பேட்டில் எழுதினால் எப்படி இருக்கும்?

இருக்கும் வழிகள்: விடுப்பு, வார்டு மாற்றம், தொடர் நைட் டியூட்டியைக் குறைக்கக் கேட்பது, மனநல ஆலோசகரைப் பார்ப்பது, கடைசியாக ராஜினாமா. ராஜினாமாவை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. வேலையை விட்டுவிட்டுச் சந்தோஷமாக இருக்கும் நல்ல செவிலியர்களும் உண்டு. நைட் டியூட்டி வாரத்தில் மட்டும் அந்த முடிவை எடுக்காதீர்கள். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். போர்வைக்குள் சத்தமில்லாமல் அழுபவரையும் கவனித்த ஒருவரை லாயக்கில்லாதவர் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஏழாம் பெட்டும் இன்சுலினும்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், பக்கவாதத்தில் வலது கை விழுந்த ஒருவருக்குத் தினமும் நானே ஊட்டிவிட்டேன். அவராகச் சாப்பிட்டால் அரைமணி நேரம் ஆகும். நான் ஊட்டினால் பத்தே நிமிடம். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். டிஸ்சார்ஜ் ஆகும் அன்று அவர் மனைவி கேட்டார், “இனிமே தினம் மூணு வேளையும் நான்தான் ஊட்டணுமா சிஸ்டர்?” அவர் இடது கையால் ஸ்பூன் பிடிக்கக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொள்ள நான் விடவில்லை.

செவிலியக் கோட்பாட்டாளர் வர்ஜீனியா ஹென்டர்சன் செவிலியருக்குத் தந்த வரையறை எனக்கு அன்றுதான் புரிந்தது. வலிமையோ மனவுறுதியோ அறிவோ இருந்தால் அந்த மனிதர் தானே செய்துகொள்ளக்கூடியதை, அது குறையும்போது நாம் செய்ய உதவுகிறோம். அதுவும் அவர் சீக்கிரம் நம்மை நம்பாமல் நிற்கும்படி. இன்னொரு கோட்பாட்டாளர் டோரதியா ஓரெம் இதையே மூன்று படியாகப் பிரித்தார்: முழுக்க நாம் செய்வது, பாதிப் பாதி, சொல்லிக்கொடுத்துத் துணை நிற்பது. மயக்கத்தில் இருப்பவருக்கு முதல் படி. ஏழாம் பெட்டுக்காரருக்கு மூன்றாவது. நீங்கள் அவரை முதல் படியிலேயே வைத்திருக்கிறீர்கள்.

வார்டில் நோயாளி தானே இன்சுலின் போடுவதில் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். அளவு மாறலாம். போட்டுக்கொண்டு சாப்பிடத் தாமதமானால் சர்க்கரை இறங்கி வியர்வை, நடுக்கம், குழப்பம் என்று போய் முடியலாம். அதனால் டாக்டரின் ஒப்புதலும் மருத்துவமனை விதியும் முதலில் வேண்டும். பிறகு ஊசிக்கு முன் சர்க்கரை அளவைப் பாருங்கள், அவர் எடுத்த யூனிட்டைச் சரிபாருங்கள், சாப்பாடு வந்துவிட்டதா என்று பாருங்கள், பதிவு செய்யுங்கள். உங்கள் பத்து நிமிடம் போகும், உண்மைதான்.

ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் அவர் எங்கே குத்துகிறார் என்பதைப் பார்க்கலாம். பல வருடம் ஒரே இடத்தில் போட்டுக்கொண்டிருந்தால் தோலுக்கு அடியில் கொழுப்பு கட்டிபோலத் திரண்டுவிடும். அங்கே போடும் இன்சுலின் ஒழுங்காக உடம்பில் சேராது. ஒரு நாள் சர்க்கரை ஏறும், ஒரு நாள் இறங்கும். மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள், காரணம் பிடிபடாது. நாளைக் காலை இன்சுலின் பேனாவை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். போட்டு முடித்ததும் அவர் வழக்கமாகக் குத்தும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள்.